எபனேசர் சார் தொடாத கியர்

"இந்த வண்டி நம்ம மலைக்கு ஆகாது தவம். பல்லை மாத்திக் குடு."

"யார் பல்லை சார்?"

"விளையாடாதே. பின்சக்கரத்துப் பல்லை."

தவச்செல்வி ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பட்டறை வாசலில் எபனேசர் சார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். காலை எட்டு மணிக் குளிரிலும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

சோலைமட்டம் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடமாக அவர் கணக்கு வாத்தியார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் குட்டு வாங்கியவர்கள். பத்தாம் வகுப்பில் பின்னக் கணக்கு வராமல் தவச்செல்வி பெஞ்சு மேல் நின்ற நாட்களைக் கூட்டினால் ஒரு மாதம் தேறும். இப்போது அவளுக்கு முப்பத்து நாலு வயது. பஸ் ஸ்டாண்டுக்கு மேலே சொந்தப் பட்டறை. சைக்கிள் என்று வந்துவிட்டால் அவள்தான் குரு, சார்தான் சீடர். இதில் சாருக்கு ஒரு வருத்தமும் இல்லை. முட்டிவலிக்கு மருந்து கேட்கிற மாதிரி பவ்யமாகவே கேட்பார்.

அந்த சைக்கிள் ஹாலந்திலிருந்து வந்தது. மிஷன் ஆஸ்பத்திரியில் நாலு வருடம் இருந்த டாக்டரம்மா ஊருக்குத் திரும்பும்போது சாருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பச்சை நிறம். பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே மூன்று கியர் ஒளிந்திருக்கும். கைப்பிடியில் கட்டைவிரலுக்கு எட்டும்படி ஒரு லீவர். அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருக்கும்.

ஹாலந்தில் மேடு என்றால் வாய்க்கால் பாலம்தானாம். வண்டியைச் செய்தவன் அதற்கு ஏற்ற மாதிரிதான் செய்திருந்தான்.

"பள்ளிக்கூடத்து மேட்டுல எதுல சார் ஏறுறீங்க?" என்று கேட்டாள் தவச்செல்வி.

"மூணுல புறப்படுவேன். மேடு ஆரம்பிச்சதும் ரெண்டு."

"அப்புறம்?"

"அப்புறம் இறங்கித் தள்ளுவேன்."

"ஒண்ணாங் கியர் என்ன ஆச்சு?"

சார் லீவரைக் கையால் பொத்திக்கொண்டார். "அதை நான் தொட்டதே இல்லை."

"வண்டி வந்து ஆறு மாசம் ஆச்சே சார்."

"அது அவசரத்துக்கு."

"இறங்கித் தள்றது அவசரம் இல்லையா?"

சார் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அதைப் போட்டும் ஏறலைன்னு வச்சுக்கோ. அப்புறம் என் கையில என்ன இருக்கு?"

தவச்செல்வி பின்சக்கரத்துப் பல்சக்கரத்தை விரலால் தொட்டு எண்ணினாள். பதினெட்டுப் பல்.

"வண்டியை விட்டுட்டுப் போங்க. சனிக்கிழமை வாங்க."

சார் அப்படிப்பட்டவர். தூறல் போடும்போது குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்தபடியே வருவார். கேட்டால் பெருமழைக்கு வைத்திருக்கிறேன் என்பார். பெருமழை வரும்போது, இந்த மழைக்குக் குடை என்ன செய்யும் என்று யார் வீட்டுத் தாழ்வாரத்திலாவது ஒதுங்கிவிடுவார். குடை மட்டும் பதினோரு வருடமாகப் புத்தம் புதுசு.

இதெல்லாம் ஊருக்குப் பழகிப்போன விஷயம். சைக்கிள் விஷயம்தான் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

சார் பட்டறைக்கு வந்ததற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிற தபால் ஆபீஸ் ஆசீர்வாதம் வாய் சும்மா இருக்காதவர். அவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஏன் சார், சைக்கிள் உங்களைச் சுமக்குதா, நீங்க சைக்கிளைச் சுமக்குறீங்களா? எப்பப் பார்த்தாலும் நீங்கதான் தள்ளிக்கிட்டுப் போறீங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். சாருடைய மனைவி சுகந்தியும் சிரித்தாள். அதைத்தான் சாரால் தாங்க முடியவில்லை.

"அறுப்பின் பண்டிகைக்கு எங்க வீட்டுக் காணிக்கையை நான் சைக்கிள்லயே கொண்டுவரேன்யா," என்றார் சார். "பஸ் ஸ்டாண்டுல ஏறினா கோயில் வாசல்லதான் இறங்குவேன். நடுவுல கால் தரையில பட்டா, வண்டியும் காணிக்கை. ஏலத்துல விட்டுக்கோங்க."

அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து கோயிலில் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே ஏலம். கேரட், முட்டைக்கோஸ், கோழி எல்லாம் போகும். சைக்கிள் இதுவரை போனதில்லை.

வாய் தவறி வந்துவிட்ட வார்த்தை. ஆனால் பாதிரியார் உட்பட அறுபது பேர் கேட்டாயிற்று.

சின்ன வயதில் சாருக்கு சைக்கிள் கிடையாது. வாத்தியாரான பிறகு வீடு, தங்கைகள் கல்யாணம் என்று போய்விட்டது. ஐம்பத்தேழு வயதில்தான் முதன்முதலாக ஒரு சைக்கிள் அவருடையது என்று ஆனது. தினமும் விடியற்காலையில் பழைய பனியனால் அதைத் துடைப்பார். துடைக்கும்போது அவர் ஏதோ பேசுவதாகச் சுகந்தி சத்தியம் பண்ணுவாள். அதை ஏலத்தில் எடுத்துக்கொண்டு இன்னொருவர் ஓட்டிப் போவதை நின்று பார்க்க அவரால் ஆகாது.

பண்டிகைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

சனிக்கிழமை சார் பட்டறைக்குப் போனபோது வண்டி தயாராக நின்றது. பின்சக்கரத்தில் புதுப் பல்சக்கரம்.

"என்ன தவம், அடை மாதிரி இவ்வளவு பெரிசா இருக்கு!"

"இருபத்து நாலு பல்லு. கடையில கிடைக்கலை. லேத்துல குடுத்துப் பண்ணினேன். செயின்லயும் நாலு கண்ணி சேர்த்திருக்கேன்."

சார் கவலையோடு பல்சக்கரத்தைச் சுற்றி வந்தார். "இருபது போட்டிருக்கலாமே? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"யார் சார் உங்க பல்லை எண்ணிப் பார்க்கப் போறாங்க?"

"சமதரையில வேகம் போயிடுமே."

"நம்ம ஊர்ல சமதரை எங்க இருக்கு?"

சார் யோசித்தார். "பள்ளிக்கூட மைதானம்."

"அதுல வேகமா போய் எந்த ஊருக்குப் போகப் போறீங்க?"

சார் பெடலில் கால் வைத்தபோது தவச்செல்வி கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினாள்.

"கியர் மாத்தும்போது மிதிக்கிறதை ஒரு நொடி விட்டுடணும் சார். அழுத்திக்கிட்டே லீவரைத் தள்ளினா உள்ள விழாது."

"தெரியும், தெரியும்."

"மூணுலயிருந்து ரெண்டுக்கு வர்றப்ப தெரியும். ரெண்டுலயிருந்து ஒண்ணுக்கு வந்து பார்த்தாத்தானே தெரியும்?"

சார் காதில் விழாத மாதிரி கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை மாலை, பள்ளிக்கூடம் விட்ட கையோடு சார் பட்டறை வாசலில் மணி அடித்துக்கொண்டு வந்து நின்றார். மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

"ஏறிட்டேன் தவம்! மேடு முழுக்க! ஒன்பதாம் வகுப்புப் பசங்க கை தட்டினாங்க."

"எதுல ஏறுனீங்க?"

"ரெண்டுலயேதான். ஒண்ணாங் கியரைத் தொடவே இல்லை. அப்படியே பத்திரமா இருக்கு."

தவச்செல்வி ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். டியூபில் ஓட்டை இருக்கும் இடத்தைக் குறிக்க வைத்திருப்பது.

"ஒரு கணக்கு போடுங்க சார்."

"நானா?"

"தரையிலயே போடுங்க. பதினெட்டை இருபத்து நாலால வகுத்தா என்ன?"

"இது என்ன, ஆறாம் வகுப்புக் கணக்கு. முக்கால்." சார் குனிந்து சிமெண்டுத் தரையில் எழுதியும் காட்டினார்.

"அப்போ இப்ப இருக்கிற ரெண்டாங் கியர், பழைய ரெண்டுல எவ்வளவு?"

"முக்கால்."

"இந்தக் குடத்துக்குள்ள ஒண்ணாங் கியர், ரெண்டுல எவ்வளவுன்னு டாக்டரம்மா குடுத்த புஸ்தகத்துல போட்டிருக்கு. நீங்கதானே எனக்குப் படிச்சுச் சொன்னீங்க."

"அதுவும் முக்கா..."

சார் அப்படியே நின்றுவிட்டார்.

சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. இன்றைக்கு அவரை மேட்டில் ஏற்றிய இரண்டாம் கியரும், ஆறு மாதமாக அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த பழைய ஒன்றாம் கியரும் அணுவளவு பிசகில்லாமல் ஒன்றுதான்.

"அப்போ ஆறு மாசமா நான் தள்ளிக்கிட்டுப் போனது வீணா..."

"ஆமா சார்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா போட்டிருப்பீங்களா?"

சார் பொய் சொல்லத் தெரியாதவர். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "மாட்டேன்," என்றார்.

"அதான். ஒண்ணைத் தொடாத ஆளுக்கு ரெண்டுலதான் வச்சுக் குடுக்க முடியும்."

பெஞ்சு மேல் நிற்கிற மாதிரி இருந்தது சாருக்கு. ஆனால் கோபம் வரவில்லை. கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

"சரி. இப்ப இருக்கிற ஒண்ணாங் கியர்?"

"அது இந்த வண்டி ஹாலந்துல பார்த்தே இருக்காதது. கோயில் மேட்டுக்கு மூட்டையோட ஏற அதுதான் வேணும். ரெண்டு பத்தாது."

"பார்க்கலாம்," என்றார் சார். "முதல்ல ரெண்டுல முயற்சி பண்றேன். அது அவசரத்துக்கு இருக்கட்டும்."

தவச்செல்வி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், ஒண்ணாங் கியருக்குக் கீழ என்ன இருக்கு?"

"அதுக்குக் கீழ ஏது? மூணுதானே இருக்கு."

"என்னமோ இருக்கு. இல்லாமலா அதைத் தொடப் பயப்படுறீங்க?"

"சைபர்," என்றார் சார்.

"அது கணக்கு சார். நான் வண்டியைக் கேக்கிறேன். பண்டிகைக்கு நானும் காய் வாங்க வருவேன். அன்னிக்குச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவள் காத்துப் போன ஒரு டயரைக் கழற்ற உட்கார்ந்துவிட்டாள்.

சார் அந்தக் கேள்வியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

"சுகந்தி, ஒண்ணாங் கியருக்குக் கீழ என்ன இருக்கும்?"

"ரசம் ஆறிப்போகுது, வந்து உட்காருங்க," என்றாள் சுகந்தி.

ஒன்பதாம் வகுப்பிலும் கேட்டுப் பார்த்தார். மைனஸ் ஒன்று என்றாள் முதல் வரிசைப் பெண். பள்ளம் என்றான் கடைசி வரிசைப் பையன். இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார்.

மிச்சமிருந்த இரண்டு வாரம் போனதே தெரியவில்லை. தினமும் பள்ளிக்கூட மேட்டில் இரண்டாம் கியரில் ஏறினார். வண்டியோடு கோயில் மேட்டின் பக்கமே போகவில்லை. ஒன்றாம் கியரைத் தொடவும் இல்லை.

பண்டிகையன்று காலை வெயில் பளிச்சென்று அடித்தது.

சௌசௌவுக்கு எங்கள் மலையில் மேரக்காய் என்று பெயர். சுகந்தி வீட்டின் பின்னால் போட்ட பந்தலில் அந்த வருடம் மேரக்காய் கொத்துக்கொத்தாகக் காய்த்திருந்தது. மூட்டையாகக் கட்டிக் கேரியரில் ஏற்றியதும் வண்டியின் பின்பக்கம் அமுங்கியது. சார் மனசும் கூடவே அமுங்கியது.

"வேண்டாம்னா விட்டுடுங்க," என்றாள் சுகந்தி. "ஆசீர்வாதத்துக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

"வாக்கு குடுத்தாச்சு."

"அப்போ மெதுவாப் போங்க. நான் பின்னாலேயே நடந்து வரேன்."

பஸ் ஸ்டாண்டில் சார் ஏறி உட்கார்ந்தார்.

சோலைமட்டம் கோயிலைக் கட்டிய வெள்ளைக்காரத் துரை குதிரையில் போகிறவர். குதிரைக்கு ஏற்ற இடமாகப் பார்த்துக் கட்டினார். மனுஷன் எப்படி ஏறுவான் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. பாதை முதலில் தேயிலைத் தோட்டத்தைச் சுற்றிச் சாதுவாகத்தான் போகும். கடைசி வளைவைத் தாண்டினால் கோயில் வாசல் வரைக்கும் ஒரே ஏற்றம்.

வளைவு வரை சார் நன்றாகவே வந்தார். மணிகூட அடித்தார்.

வளைவைத் திரும்பியதும் மேலே கூட்டம் தெரிந்தது. வெள்ளைப் புடவைகளும் பாடகர் குழுவும் முன்னால் நின்றன. ஆசீர்வாதம் கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். சுவரோரமாகக் காய்ப் பையோடு தவச்செல்வி.

"வர்றாருடா! வர்றாருடா!" என்று யாரோ கத்தினார்கள்.

சார் இரண்டாம் கியரில் மிதித்தார். ஒரு மிதி, இன்னொரு மிதி. மூட்டை பின்னால் இழுத்தது. முன்சக்கரம் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது.

பாதி ஏற்றத்தில் வண்டி ஏறக்குறைய நின்றேவிட்டது.

மேலே சத்தம் அடங்கிப்போயிற்று. ஆசீர்வாதம்கூடக் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டார். நேற்று வரை கேலி செய்தவர் முகத்தில் இப்போது ஐயோ பாவம் தெரிந்தது. சாருக்கு அது கேலியைவிட மோசமாக இருந்தது.

"கீழ போடுங்க சார்! ஒண்ணுல போடுங்க!" என்று ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் கத்தினார்கள்.

சாருடைய கட்டைவிரல் லீவரின் மேலேயே இருந்தது. ஆனால் தள்ளவில்லை. கியர் விழ வேண்டுமானால் மிதிப்பதை ஒரு நொடி விட வேண்டும். இந்த மேட்டில் ஒரு நொடி விட்டால் வண்டி பின்னால் உருளும். உருண்டு, அந்தக் கியரும் விழாமல் போனால் எல்லாம் முடிந்தது. பச்சை சைக்கிளை அவர் கண் முன்னால் ஏலம் விடுவார்கள்.

வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. வலது கால் தானாகவே பெடலை விட்டு இறங்கித் தரையைத் தேடிப் போயிற்று. ஆறு மாதப் பழக்கம் சும்மா விடுமா?

செருப்பு நுனிக்கும் சாலைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. மூன்று விரல்.

அப்போது எபனேசர் சார் சிரித்தார்.

வாய்விட்டு, தோள் குலுங்க, நடு மேட்டில், அத்தனை பேர் முன்னால். ஏன் சிரிக்கிறார் என்று ஒருவருக்கும் புரியவில்லை. மனுஷனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஆசீர்வாதத்தின் மனைவி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

சிரித்துக்கொண்டே சார் காலைத் தூக்கிப் பெடல்மேல் சும்மா வைத்தார், அழுத்தவில்லை. கட்டைவிரலால் லீவரைத் தள்ளினார்.

வண்டி ஒரு சாண் பின்னால் போயிற்று.

குடத்துக்குள் 'டக்' என்று ஒரு சத்தம்.

சார் மிதித்தார். பெடல் கனமே இல்லாமல் சுற்றியது. இது என்ன வெறும் சுற்று என்று அவருக்கே சந்தேகம் வந்தது. ஆனால் வண்டி முன்னால் நகர்ந்தது. எறும்பு மாதிரி, ஆனால் நகர்ந்தது. கால்கள் கிடுகிடுவென்று சுற்ற, மேரக்காய் மூட்டையும் மனுஷனுமாக வண்டி ஏற்றத்தில் ஊர்ந்து போனது.

பின்னால் நடந்து வந்த சுகந்தி அவருக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டாள்.

"மூச்சு வாங்குதா?" என்றாள்.

"இல்லையே," என்றார் சார் ஆச்சரியத்தோடு. "நல்லாப் பேசக்கூட முடியுது."

"அப்போ பேசிக்கிட்டே வாங்க. இந்த வண்டி வந்ததுலயிருந்து ஆறு மாசமா நான் தனியாத்தான் நடக்கிறேன்."

சார் அவளைத் திரும்பிப் பார்த்தார். வண்டி லேசாக ஆடியது. சரிசெய்துகொண்டார். அவள் பந்தலில் இன்னும் காய் மிச்சம் இருக்கிறது என்று ஏதோ சொன்னாள். அவர் உம் கொட்டினார். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் வாசலை நோக்கிப் போனார்கள்.

"அம்மா நடந்தே உங்களை முந்திடுவாங்க போல இருக்கே சார்!" என்று ஆசீர்வாதம் கத்தினார். கத்தினாரே தவிர, வாசலில் நின்றவர்களை விலக்கிவிட்டு வழி விட்டதும் அவர்தான். பாடகர் குழுப் பெண்கள் கை தட்டினார்கள். பாதிரியார் கூடக் கை தட்டிவிட்டு, அப்புறம் அங்கியைச் சரிசெய்துகொண்டார்.

கோயில் வாசல் படிக்கு ஒரு முழம் முன்னால் சார் பிரேக் பிடித்தார். அங்கேதான் இறங்கினார்.

தவச்செல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பல்சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள், செயினை விரலால் தூக்கிப் பார்த்தாள், எல்லாம் சரி என்று தலையை ஆட்டினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"சொல்லுங்க சார். ஒண்ணாங் கியருக்குக் கீழ என்ன இருக்கு?"

சார் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

"தரைதான் தவம். தினமும் இறங்கி நின்ன இடம்."